ஆடப் போகிறவர்களுக்கான பக்கம்

காற்பந்துப் பருவம் பாதியில் நின்றுவிட்டால், அதை நம்பி நடக்கும் ரசிகர் இதழின் கை தானாகவே பழைய ஆட்டங்களை நோக்கி நீளும். பழைய படங்கள், பழைய கோல்கள், பழைய நாயகர்கள். வாசகர்கள் கேட்பதும் அதைத்தான். எழுதுகிறவர்களுக்கும் அதுவே எளிது. ஆனால் அப்படிச் செய்யும்போது நாம் இதழைக் காப்பாற்றவில்லை, அதற்கு நினைவு மலர் வெளியிட்டு வழியனுப்புகிறோம் என்ற எண்ணம் 2020ஆம் ஆண்டில் எனக்குள் நுழைந்தது, இன்றுவரை விட்டபாடில்லை. நண்பர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அவர்களோடு தேநீர்க் கடையில் பேசித் தீராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து நாங்கள் வெளியிடும் இதழை அறிந்தவர்களுக்கு அதன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 தாளை இரண்டாக மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறோம். காற்பந்துச் சங்கத்தின் பணமோ கிளப்பின் விளம்பரமோ அதில் இல்லை. அதனால்தான் பயிற்றுநர் ஓர் ஆட்டக்காரரைத் தவறான நேரத்தில் வெளியே எடுத்துவிட்டார் என்று எங்களால் தயங்காமல் எழுத முடிந்தது. இதழின் மூச்சு முழுவதும் ஆட்ட அட்டவணையில் இருந்தது. ஈப்போவில் பேராக் அணியின் சொந்தத் திடல் ஆட்டம் என்றால் அந்த நாளே எங்கள் விற்பனை நாள். அதற்கு முந்திய வாரம் கட்டுரைகளுக்குக் கெடு. வாசலில் கிடைக்கும் சில்லறையே அடுத்த இதழின் ஃபோட்டோஸ்டாட் செலவு. ஆகவே ஆட்டம் நின்றபோது எங்களிடமிருந்து செய்தி மட்டும் போகவில்லை. நாள்காட்டி, சந்தை, கைமுதல் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் போயின.

மார்ச் மாதத்துக்குப் பிறகு

மலேசியாவின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக் 2020இல் பிப்ரவரி 28 அன்று தொடங்கியது. நான்கு சுற்றுகள் ஆடியதும் கொரோனாவால் நின்றது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. குடும்பத்தில் ஒருவர் மட்டும், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள், பொருள் வாங்கப் போகலாம் என்ற நிலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் ஈப்போ வேறொரு நாடாகிவிட்டது. ஃபோட்டோஸ்டாட் கடை அடைப்பு. முடிதிருத்தும் கடை அடைப்பு. எங்கள் இதழ் கிடைக்கும் இடங்களில் மளிகைக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது.

பிடிஎஃப் கோப்பாக வாட்சப்பில் அனுப்பிவிடலாமே என்று முதலில் சொன்னவன் நான்தான், அனுப்பவும் செய்தோம். ஆனால் எங்கள் வாசகர்களில் கணிசமானவர்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து தாமான் எனும் குடியிருப்புக்குக் குடிவந்த பெரியவர்கள். பால்வெட்டி ஓய்ந்த கைகளுக்குத் தாள் வேண்டும். எழுத்தும் கொஞ்சம் பெரியதாக வேண்டும். அதனால் வீட்டிலிருந்த மை ஊற்றும் பிரிண்டரிலேயே அச்சடிக்கத் தொடங்கினோம். அந்த மை சட்டென உலராது. இரு பக்கமும் அடித்த தாளை உடனே மடித்தால் எதிர்ப்பக்கத்துக் கோல்கீப்பரின் முகம் இந்தப் பக்கத்துப் புள்ளிப் பட்டியலின்மேல் படிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தாளையும் கூடத்தில் தரையெங்கும் பரப்பி, மின்விசிறியைக் குறைவாக வைத்து, காய்ந்த பிறகே மடித்தோம். வீட்டில் இருந்தவர்கள் சுவரோரமாக நடந்துபோனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

அச்சடிக்க வழி கிடைத்தது. எதை அச்சடிப்பது என்பதுதான் கேள்வி. உலகமே நின்றிருந்த அந்த வாரங்களில் ஐரோப்பாவில் பெலருஸ் லீக் மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் ஒரு தம்பி அந்த ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்த்து அறிக்கை எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தார். அவருடைய ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனாலும் மின்ஸ்க் நகரத்து ஆட்டத்தைச் சுங்கை சிப்புட்டில் யார் காசு கொடுத்து வாங்குவார்?

நாற்பதாவது ஏப்ரல்

வழி காட்டியவர் எங்கள் ஆசிரியர் குழுவில் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். நாங்கள் எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் அழைப்போம். 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற ஆட்டத்துக்கு அந்த மாதம் சரியாக நாற்பது ஆண்டு நிறைந்தது. சார் அதைத் தோட்டத்தில் வானொலியில் கேட்டவர். ஹசான் சானி பந்தைக் கொடுக்க, ஜேம்ஸ் வோங் வெற்றி கோலை அடித்ததையும், கோல்கம்பங்களுக்கு நடுவே 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் நின்றதையும், லயத்து வாசலில் ஒரே வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதையும் அவர் எழுதியிருந்தார். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றும் மாஸ்கோ போகாத அணி அது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் மறைந்ததோடு கட்டுரை முடிந்தது. எங்கள் இதழில் வந்தவற்றுள் ஆகச் சிறந்த எழுத்து என்று இன்றும் அதைச் சொல்வேன்.

வரவேற்பைச் சொல்லி மாளாது. குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. சிலர் அழுதார்கள். அடுத்த இதழில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கும் எம். சந்திரனும் வந்தார்கள். அதற்கடுத்து, 2018இல் ஷா ஆலமில் திரங்கானுவோடு 3-3 என்று சமன்செய்து, பினால்டியில் 4-1 என வென்று பேராக் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய இரவு. எதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் எனக்குள் ஏதோ அடைத்தது. வந்த குரல் பதிவுகளையெல்லாம் கேட்கக் கேட்க, ஏறக்குறைய எல்லாமே ஒரே வாக்கியத்தில் முடிவதைக் கவனித்தேன்: "அந்தக் காலம் இனிமே வராதுப்பா."

தோட்டத்துத் தமிழர்களாகிய எங்களிடம் இந்த வாக்கியம் எப்போதும் கைவசம் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததற்கும், லயன் வீடுகள் இடிந்ததற்கும், தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துச் சங்கு நின்றதற்கும், கோயில் திருவிழா சுருங்கியதற்கும் இதையே சொல்லிவந்திருக்கிறோம். அவற்றில் பல உண்மையாகவே முடிந்துபோனவை. காற்பந்து அப்படி முடிந்துபோனதா? ஊரடங்குக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகூடத் தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்துத் திடலில் இருட்டும்வரை பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடிக்கொண்டிருப்பதையும் போய்விட்டவற்றின் கணக்கில் எங்கள் இதழே எழுதிவைக்கிறதோ என்பதுதான் என்னை அரித்தது.

மளிகைக் கடையில்

இதழ்க் கட்டைக் கொண்டுபோய் வைக்கும் மளிகைக் கடையில் ஓர் இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். வயது பத்தொன்பது. கோல்கீப்பர். மூன்றாம் நிலை லீக்கான எம்3இல் ஆடும் ஓர் அணியின் தேர்வுக்கு அந்த ஆண்டு அழைக்கப்பட்டிருந்தவர். அந்த லீக்கே ரத்தாகிவிட்டது. நான் போனபோது வெங்காயம் நிறுத்துப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. கையைத் துடைத்துவிட்டுப் புதிய இதழை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பிறகு சொன்னார்:

"நல்லா இருக்குண்ணே. ஆனா இதுல இருக்கிறவங்க எல்லாரும் ஆடி முடிச்சவங்களா இருக்காங்க. இனிமே ஆடப்போறவன் ஒருத்தன்கூட இல்லையே?"

குற்றமாகச் சொல்லவில்லை; ஒரு சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். அடுத்து நின்ற அம்மாவுக்குப் பருப்பு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். அவருக்குப் பின்னால், சரக்கு அறைக் கதவின் கொக்கியில் ஒரு ஜோடி கையுறைகள் தொங்கின. ஈரமாக இருந்தன. பிறகு விசாரித்தேன். கோல்கீப்பர் கையுறையின் உள்ளங்கைப் பகுதி ரப்பர் பாலில் செய்த மெத்தென்ற நுரைப்பொருள். காய்ந்தே கிடந்தால் வெடித்துவிடும். பிறகு பந்து பிடிபடாது. அதனால் ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் தினமும் மாலையில் கையுறையை நனைத்து, கடையின் பின்சுவரில் பந்தை அடித்துத் திரும்பி வருவதைப் பிடித்துப் பழகி, கழுவி நிழலில் தொங்கவிடுகிறார். வெயிலில் போடாதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவருடைய பாட்டி. பாட்டிக்குக் காற்பந்து தெரியாது. வெயில் பட்டால் ரப்பர் கெடும் என்பது, வாழ்நாளெல்லாம் பால்வெட்டியவருக்குத் தெரியும்.

அன்றிரவே சாருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அடுத்த இதழில் பழைய ஆட்டம் வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவருடைய வாதம் வலுவானது, அதை இங்கே முழுமையாகச் சொல்வதே நியாயம். தோட்டத்து ஆட்டக்காரர்களைப் பற்றிய செய்திகள் ஒருகாலத்தில் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில்தான் வந்தன. எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தை வென்றது, யார் கோல் அடித்தார் என்பதற்கு வேறு ஆவணம் கிடையாது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுவிட்டது. தோட்டம் போய், திடல் போய், நாளிதழும் போன பிறகு, பெயர்களாவது எங்காவது இருக்க வேண்டாமா? "நாம எழுதலைன்னா அவங்க ஆடவே இல்லைன்னு ஆயிடும், தம்பி" என்றார். என்னிடம் அதற்கு மறுப்பு இல்லை. எழுதுங்கள் சார், ஆனால் அதையே இதழாக்கிவிட்டால் அந்தக் கடைத் தம்பி எங்கே நிற்பார் என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர் கேட்டதுதான் என்னைத் திணறவைத்தது: "ஆட்டமே இல்லாதப்போ ஆடப்போறவனைப் பத்தி என்னத்த எழுதுவீங்க?"

பதிலாகக் கையுறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஈரம், நிழல், பின்சுவர், பாட்டி, அவ்வளவுதான். மறுநாள் சார் அழைத்தார். எங்கள் வாதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பையனின் தாத்தா பெயர் என்ன, எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் கழித்து, அந்தத் தாத்தா தோட்டத்து அணியில் இடப்பக்கத் தற்காப்பு ஆடியவர், வெறுங்காலோடு ஆடுவார், தலையால் முட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். பேரனுக்கு இது எதுவுமே தெரியாது. கையுறைப் பக்கத்தின் அடியில் அதைச் சேர்த்தோம். அன்று எங்களுக்குள் ஒரு விதி அமைந்தது: ஆடி முடித்தவர் இதழுக்குள் வரலாம், ஆனால் ஆடப் போகிறவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

ஆட்டமில்லாத பக்கங்கள்

விதி வந்த பிறகு பக்கங்கள் போதவில்லை. கிளப்புகள் சம்பளத்தைக் குறைக்கத் தொடங்கிய நேரம் அது. ஃபிஃபா ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், நின்றுபோன பருவம் உண்மையில் முடியும் நாள்வரை ஒப்பந்தங்களை நீட்டிக்கலாம் என்றும், சம்பளத்தைப் பற்றிக் கிளப்பும் ஆட்டக்காரரும் பேசி உடன்பட வேண்டும் என்றும் சொன்னது. மலேசிய நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கமும் ஒருதலைப்பட்சமான வெட்டை எதிர்த்தது. இதை நல்ல தமிழில், கேள்வி பதிலாக இரண்டு பக்கத்துக்கு எழுதினோம். ஒப்பந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்ட எங்கள் ஊர் இளைஞர்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் படித்தொகை வாங்கும் நடுவர் ஒருவர், விசில் ஊதாத மாதங்களில் லாரி ஓட்டியதைச் சொன்னார். திடலைப் பராமரிப்பவர், ஆள் நடமாட்டமில்லாமல் புல் பூத்து விதை வைத்ததையும், கோடுகள் முதலில் மூலைகளில்தான் மறைகின்றன என்பதையும், திறக்கச் சொன்னால் மறுநாளே ஆடும்படி தாம் அதை வெட்டி வைத்திருப்பதையும் விவரித்தார்.

எல்லாவற்றிலும் சூடு பிடித்தது பருவத்தை எப்படி முடிப்பது என்ற விவாதம்தான். ஒரே நோய்க்கு நாடுகள் வெவ்வேறு முடிவெடுத்தன. நெதர்லாந்தில் முன்னணியில் இருந்த அயாக்ஸ், ஏஇசெட் அணிகள் புள்ளிகளில் சமமாக இருந்தன. அங்கே வெற்றியாளர், கீழ்நிலை லீக்குக்கு இறக்கம் எதுவுமே வேண்டாம் என்று ஏப்ரல் 24 அன்று புத்தகத்தை மூடிவிட்டார்கள். பிரான்சில் ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று சராசரி பார்த்துப் பாரிஸ் அணிக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். ஜெர்மனி மே 16 அன்றும் இங்கிலாந்து ஜூன் 17 அன்றும் ஆளில்லாத அரங்கில் மீண்டும் ஆடின. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கடையில் ஒரு பிஸ்கட் தகரம் வைத்து, கருத்துகளை எழுதிப் போடச் சொன்னோம். பெரியவர்களில் பலர் நெதர்லாந்தின் பக்கம். ஆடாமல் வந்த கிண்ணம் எதற்கு என்றார்கள். இளைஞர்கள் எப்படியாவது ஆடவேண்டும் என்றார்கள். ஒரு சீட்டில், ஆடாவிட்டால் சம்பளம் யார் தருவார் என்று மட்டும் எழுதியிருந்தது. அதைத் தலைப்பாகவே போட்டோம்.

மலேசியா, ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஒருமுறை மட்டும் ஆடி முடிப்பதென்று தீர்மானித்தது: ஒவ்வோர் அணிக்கும் 11 ஆட்டங்கள். அதாவது சில அணிகளுக்குச் சொந்தத் திடலில் ஆறு, சிலவற்றுக்கு ஐந்து. இதை அநீதி என்று நாங்கள் எழுதினோம். எழுதும்போதே இன்னொன்றும் எங்களுக்குத் தெரிந்திருந்தது: ரசிகர் இல்லாத அரங்கில் சொந்தத் திடல் என்பதற்குப் பொருளே பாதிதான். ஆகஸ்ட் 26 அன்று லீக் மீண்டும் தொடங்கியது. ஜோகூர் டாருல் தக்சிம் தொடர்ந்து ஏழாவது ஆண்டாகப் பட்டம் வென்றது. அரங்க வாசல் எங்களுக்குத் திறக்கவில்லை. இதழ் கடையிலேயே விற்றது. 1921இல் தொடங்கிய மலேசியக் கிண்ணம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாக அந்த நவம்பரில் கைவிடப்பட்டது. ஆட்ட அறிக்கைக்கென்று ஒதுக்கியிருந்த நான்கு பக்கங்களில், ஊர்ப் பெண்கள் ஃபுட்சால் அணியின் பயிற்சி முறையை அவர்களே எழுதினார்கள்.

இப்போது எழுதக் காரணம்

நோயால் நின்ற பருவம் ஒருநாள் மீண்டும் தொடங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அணியே இல்லாமல் போவது வேறு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தோடு தொடர்புடைய அணியாக வளர்ந்து, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவருமின்றிச் சூப்பர் லீக்கில் ஆடிக்காட்டிய பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022 பருவத்தோடு விலகியது. நம் பிள்ளைகள் மேலே போக ஒரு படி இருந்தது, அது போயிற்று. பிறகு 2025-26 பருவத்தில், நிதிச் சுமை காரணமாக, பேராக்கும் சூப்பர் லீக்கில் இல்லை. எங்கள் இதழின் அட்டையில் இருப்பதே பேராக்கின் மஞ்சளும் கறுப்பும்தான்.

செய்தி வந்த வாரத்தில் பலர் அன்போடு ஒன்றையே சொன்னார்கள்: 2018 இறுதியாட்டத்தை வைத்துப் பெரிதாக ஒரு மலர் போட்டு, மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள். அச்சுச் செலவை ஏற்கவும் ஒருவர் முன்வந்தார். அந்த நல்ல மனத்தை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால் பேராக் இல்லாத பருவத்திலும் இந்த வட்டாரத்தில் ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கிறது. அன்றைய கடைத் தம்பி எம்3 பக்கம் போகவில்லை. லீக் திரும்பி வந்தபோது அவருக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது, குடும்பத்துக்கு அது தேவைப்பட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை லீக்கில் கோல்கம்பத்தில் நிற்கிறார், இரண்டு பையன்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவருடைய ஆட்டத்துக்கு அறிக்கை எழுத எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பேராக்கைப் பற்றி எழுத நாளிதழ்களும் தொலைக்காட்சியும் இருந்தன; அதனால் பேராக் போனபோது எங்கள் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

மலருக்கு முதலில் மறுப்புச் சொன்னவர் சார்தான். எனக்கு அது வியப்பாக இருந்தது. ஆனால் 2018 இறுதியாட்டத்துக்குக் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கம் வேண்டும் என்கிறார். அந்த இரவில் ஷா ஆலமுக்குப் பேருந்தில் போன பிள்ளைகளில் இன்று யார் யார் ஆடுகிறார்கள் என்று பட்டியலும் தயாரித்து வைத்திருக்கிறார். கால் பக்கம் போதும் என்பது என் கருத்து. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதல் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை லீக்கின் முழு அட்டவணையும் புள்ளிப் பட்டியலும் வரும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் வரையில் எந்தத் திடலில் ஆடுகிறவர்களாக இருந்தாலும், ஆண்களோ பெண்களோ, ஆடிய நாள், எதிரணி, கோல் அடித்தவர், கோல்கீப்பர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மளிகைக் கடைத் தகரத்தில் போட்டுவிடுங்கள். கோல்கீப்பரின் பெயரை மறக்க வேண்டாம். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். புதன்கிழமை மாலை தகரத்தைத் திறப்போம்.